பன்னிரண்டு மணி அம்பு

எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது. இந்த வயதில் பணி ஓய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்த வேலை இப்போது இல்லை. பாளையங்கோட்டையில் நான் இருந்த பிரிவைப் போன வருடம் மூடிவிட்டார்கள். மாற்றுவதற்குப் பழைய வரைபடங்கள் மிச்சமில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது.

சென்ற மாதம், என்னோடு அதே பிரிவில் இருந்துவிட்டு இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கும் ஃபாத்திமா வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, ஸ்டாண்டர்டுல புதுசு வந்துட்டு, தெரியுமா? இப்போ படமும் சேர்ந்தே போவுதாம். ஒரு டூல்ல வரைஞ்சத இன்னொரு டூல்ல கண்ண மூடிட்டுத் திறக்கலாமாம்."

"கண்ண மூடிட்டா?"

"பேச்சுக்குச் சொன்னேன்க்கா. அதுக்குள்ள மூஞ்சி மாறிட்டு பாருங்க."

மாறத்தான் செய்தது. "அந்த ஷட்டர் கதைய எழுதித் தாங்க, புதுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுக்கேன்" என்று அவளே கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு இயந்திரத்துக்கு நிரல் எழுதுவதற்கு முன்னால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படமாக வரைவார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி: திறந்திருக்கிறது, மூடுகிறது, மூடியிருக்கிறது. பெட்டியிலிருந்து பெட்டிக்கு அம்பு. எந்த நிபந்தனை வந்தால் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று அம்பின்மேல் எழுதியிருக்கும். இந்தப் படத்தை வரையத் தனி மென்பொருள் கருவிகள் உண்டு. நல்ல கருவி என்றால் படத்திலிருந்து நிரலையும் அதுவே எழுதிவிடும். ஆக, படம்தான் இயந்திரத்தின் மூளை.

இந்தக் கருவிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஒன்றில் வரைந்ததை மற்றொன்றில் திறக்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுக் கோப்பு முறை இருக்கிறது. அதுதான் பரிமாற்றத் தரநிலை, ஃபாத்திமா சொன்ன ஸ்டாண்டர்டு. அதன்படி வரைபடங்களைப் பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை.

என் அம்மாவும் அப்பாவும் மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர்கள். இருவருக்கும் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விடுதி, கல்லூரி, வளாகத் தேர்வு என்று வந்து சேர்ந்த பாதையை இங்கே நீட்டப் போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அந்தத் தரநிலை ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும்.

அம்மாவிடம் என் வேலையை விளக்கியபோது அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "அங்கன இருக்கிற படத்த இங்கன மாத்தணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

வேலை நடக்கும் விதம் இதுதான். பழைய கருவியில் வரைபடத்தைத் திறந்து பெரிய தாளில் அச்செடுப்போம். பிறகு அதைப் பரிமாற்றக் கோப்பாக வெளியே எடுத்து, புதிய கருவிக்குள் இழுப்போம். பிழை எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வரும். திரையைப் பார்த்தால் பெட்டிகளெல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், கல்யாண மண்டப வாசலில் செருப்பு கிடப்பதைப் போல. எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு எந்த அம்பு என்பது கோப்பில் வரும். தாளில் அது எங்கே இருந்தது என்பது வராது. அது வெறும் தோற்றம், பொருள்தான் முக்கியம் என்று தரநிலையை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். எனவே அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக இழுத்து அதனதன் இடத்தில் வைப்போம். இதில் என் கை சுத்தம். நான் முடித்த பிறகு தாள் எது, திரை எது என்று வித்தியாசம் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு போய்வரும் சோதனை. புதிய கருவிக்குள் போன வரைபடத்தை மறுபடியும் கோப்பாக்கிப் பழைய கருவிக்கே திருப்பி அனுப்புவோம். போனதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் வழியில் எதுவும் தொலையவில்லை என்று பொருள். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கடைசியாக, வாடிக்கையாளர் தந்த சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துச் சான்று எழுதுவோம்.

சான்றில் கையெழுத்துப் போடுபவர் எங்கள் பிரிவின் தலைவர் சிதம்பரம் சார். ஆற்றங்கரை ஊர்க்காரர், தாத்தா காலத்திலிருந்தே பட்டதாரிகள் உள்ள வீடு. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிக்கல் பெரிதாக ஆக அவர் குரல் தாழ்ந்துகொண்டே போகும். நன்றாகக் கேட்கிற மாதிரி அவர் பேசினால் எல்லாம் நலம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். எதையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். நின்றபடியே, மூடியைக் கழற்றாத பேனாவால் திரையில் ஒவ்வொரு அம்பாகத் தொட்டுக்கொண்டே போவார். ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வந்த பிறகு, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் இன்னொரு முறை கேட்பார். இரண்டாவது முறை பதில் கொஞ்சம் மாறினாலும் பேனா நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் அழுதுவிடுவார்கள்.

ஒரு வருடம் எங்களுக்கு வந்த வேலைகளில் ஒன்று ஒரு தலைமதகின் கட்டுப்பாட்டுப் பலகை. ஆற்றிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் பிரியும் இடத்தில் இருக்கும் இரும்பு ஷட்டர்களை மோட்டார் வைத்து இயக்குவதற்கான பலகை அது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கிறது என்பதற்கு மேல் இடத்தைச் சொல்ல வேண்டாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் கால்வாய் உடையாமல் இருக்க ஷட்டர் தானாகக் கீழே இறங்கி மூட வேண்டும். ஆனால் சில நேரம் ஷட்டருக்கு அடியில் ஆள் நிற்பார். ஆகாயத்தாமரையும் கிளைகளும் வந்து அடைத்துக்கொள்ளும். இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குகிறவர் பலகையில் உள்ள சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். சாவி வெளியே இருக்கும்வரை, ஆறு எவ்வளவு ஏறினாலும், ஷட்டர் அசையக் கூடாது. அந்தச் சாவி மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ஆள் கீழே இருக்கிறார் என்று பலகைக்குள் இருக்கும் நிரலிடம் சொல்லும், அவ்வளவுதான். மற்றது நிரலின் பொறுப்பு.

வரைபடத்தில் "திறந்திருக்கிறது" என்ற பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பின. ஒன்று, சாவி வெளியே இருந்தால் வளைந்து அதே பெட்டிக்குத் திரும்பிவிடும், அதாவது, அசையாதே. மற்றொன்று, நீர்மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டினால் "மூடு" என்ற பெட்டிக்குப் போகும். எல்லாச் சோதனையும் தேறியது. சாவி மட்டும் வெளியே இருக்கும்போது ஷட்டர் அசையவில்லை. மட்டம் மட்டும் ஏறும்போது மூடியது. போய்வரும் சோதனையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. சான்று போயிற்று. வாடிக்கையாளரின் ஆட்கள் புதிய நிரலைப் பலகையில் ஏற்றி வெள்ளோட்டம் விடத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை, ஒப்படைப்பு ஆவணத்துக்காகத் திரையில் தெரிவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். புதிய கருவியில் அம்புகளின் விவரத்தைக் காட்டச் சொல்லும் ஒரு வசதி உண்டு. படம் தெளிவாக இருக்கட்டும் என்று அதை அழுத்தினேன். ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் சின்னதாக ஒரு எண் முளைத்தது. சாவி அம்பு பெட்டியின் உச்சியில் இருந்தது. நான்தான் தாளைப் பார்த்து அங்கே வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் 2 என்று இருந்தது. கீழே பக்கவாட்டில் கிளம்பிய வெள்ள அம்பின் பக்கத்தில் 1.

அது என்ன எண் என்று உதவிப் பக்கத்தில் தேடினேன். இரண்டு அம்புகளின் நிபந்தனையும் ஒரே நேரத்தில் உண்மையானால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை. கோப்பில் எது முதலில் வந்ததோ அதற்கு 1. பழைய கருவியின் உதவிப் பக்கத்தையும் திறந்தேன். அங்கே வேறு வழக்கம். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஒவ்வொரு அம்பாகப் பார்க்கும். அதாவது பெட்டியின் உச்சியில் நிற்பதுதான் முதல் அம்பு. அந்தக் கருவியில் வரைகிறவர்கள் அதனால்தான் உயிர் சம்பந்தப்பட்ட அம்பை எப்போதும் உச்சியில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவியில் இடம் தோற்றம் அல்ல. இடம்தான் கட்டளை. தரநிலை, வெறும் தோற்றம்தானே என்று வழியிலேயே விட்டுவந்தது அந்தக் கட்டளையைத்தான்.

சாவி வெளியே இருக்கிறது, ஆளும் கீழே நிற்கிறார், அந்த நேரத்தில் ஆறு ஏறினால், புதிய நிரல் முதலில் வெள்ளத்தைப் பார்க்கும். ஷட்டரை இறக்கும்.

சாரிடம் ஓடினேன். அவர் எழுந்து வந்து நின்றார். பேனா உச்சி அம்பைத் தொட்டது, 2-ஐத் தொட்டது.

"தரநிலைப்படி சரிதானே, ஜோதி?"

"தரநிலைப்படி சரிதான் சார்."

"தரநிலைப்படி சரிதானே?"

"சரிதான் சார். ரெண்டும் உண்மையானா எது முதல்லன்னு தரநிலை சொல்லவே இல்ல. எப்படி வேணும்னாலும் செஞ்சுக்கலாம். ஆனா கீழ நிக்கிற ஆள் செத்துருவாரு."

அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "போன் போடு" என்றார் போலிருக்கிறது.

மதகில் இருந்த வாடிக்கையாளரின் பொறியாளர் பெயர் பீட்டர். எடுக்கவில்லை. அங்கே சிக்னல் வந்து வந்து போகும். ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும் என்பது மலையில் பிறந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி மறுபடி போட்டேன். போட்டுக்கொண்டே படியிறங்கி சாரின் காரில் ஏறிவிட்டேன். சேரன்மகாதேவி வருவதற்கு முன் பீட்டர் எடுத்தார்.

"யாராவது கீழ நிக்காங்களா சார்?"

"மாடசாமி அண்ணாச்சி நிக்காரு. பயப்படாதிய, சாவிய எடுத்துட்டுத்தான் இறங்கியிருக்காரு."

"சாவிய நம்பாதிய! மெயின ஆஃப் பண்ணுங்க. முதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க, பொறவு சொல்லுதேன்."

"என்னம்மா சொல்லுதிய, நேத்துதான சர்டிபிகேட்டு—"

"மெயின ஆஃப் பண்ணுங்க சார்!"

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணிகூட அடிக்கவில்லை.

மீதி வழி முழுக்க அவர் மெயினை நிறுத்தினாரா, இல்லை இந்தப் பெண் என்னவோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டாரா என்று தெரியாமல் போனோம். சார் பேசிக்கொண்டே வந்தார். பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது. ஒரு காலத்தில் அவர் அந்தத் தரநிலைக்கான கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்.

"இந்த அம்பு வரிசைய பத்திக்கூடப் பேசுனோம். ஒருத்தன் கருவியில மேல இருக்கிறது முதல்ல, இன்னொருத்தன் கருவியில பெட்டிக்குள்ள பெட்டி இருந்தா உள்ள இருக்கிறது முதல்ல, வேறொருத்தன் நம்பர் போடுதான். யார் வழக்கத்த எழுதினாலும் மத்தவன் தன் கருவிய உடைச்சுக் கட்டணும். எவன் ஒத்துக்குவான்? சாப்பாட்டு நேரம் வேற ஆயிட்டு. அது அவரவர் விருப்பம்னு எழுதிட்டு எந்திரிச்சோம்."

"அவங்களுக்குத் தெரியாதா சார், இப்படி ஆகும்னு?"

"தெரியும். ஆனா எந்தக் கடைக்காரனாவது தன் கடைய விட்டுப் போற வழிய அகலமாக் கட்டுவானா? உள்ள வார வாசல் கோயில் வாசல் மாதிரி இருக்கும். வெளிய போறதுக்குக் குனிஞ்சுதான் போகணும்."

"நம்ம சோதனையில ஏன் மாட்டல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கருவி, அம்புகளின் இடத்தைக் கோப்பில் தனக்கென்று ஒரு தனிப் பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. தரநிலை அதை அனுமதிக்கிறது. புதிய கருவி அந்தப் பகுதியைப் படிக்கவில்லை. ஆனால் சேதப்படுத்தாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது. தரநிலை அதைத்தான் செய்யச் சொல்கிறது. திரும்பி வந்ததும் பழைய கருவி தன் எழுத்தைத் தானே படித்துக்கொண்டது. உறையைப் பிரிக்காமலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று நாங்கள் சான்று கொடுத்திருக்கிறோம்.

மதகை அடைந்தபோது ஷட்டர் மேலேயே நின்றது. பலகையில் விளக்கு எதுவும் எரியவில்லை. பீட்டர் மெயினை நிறுத்தியிருந்தார். கரையில் லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்த ஐம்பது வயது மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் போன்ல கத்துன பிள்ளையா? இங்கன இவரு பதறுன பதறல பாத்து, முதலைதான் வந்துட்டோன்னு நெனச்சேன்."

அவர்தான் மாடசாமி. ஆறு ஏறத் தொடங்கியிருந்தது. கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. நான் திரும்பிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முழுதும் ஷட்டரைக் கையால் சுற்றி இயக்கினார்கள். நாங்கள் வரைபடத்தைத் திருத்தினோம். வெள்ள அம்பின் நிபந்தனையில் "சாவி உள்ளே இருந்தால் மட்டும்" என்று சேர்த்தோம். இனி இரண்டு அம்பும் ஒரே நேரத்தில் உண்மையாக முடியாது. எதை முதலில் பார்த்தாலும் ஒன்றுதான். சாவி மின்சாரத்தையே துண்டிக்கும்படி கம்பி இழுக்க வேண்டும் என்று சார் தனியாக எழுதிக் கொடுத்தார். அது நடக்க நாளாகும் என்றார்கள். முன்பு மாற்றிய மற்ற வரைபடங்களையும் திறந்து, ஒவ்வொரு அம்பாகப் பார்த்தோம். வேறு எங்கும் அப்படி இல்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இரண்டு கருவி நிறுவனங்களுக்கும் நான் எழுதினேன். பதில் வந்தது, இரண்டுமே மரியாதையான பதில். அம்பின் இடத்தைத் தரநிலை அனுமதித்த தனிப் பகுதியில் சரியாக எழுதியிருக்கிறோம் என்றது ஒன்று. அந்தப் பகுதியைத் தரநிலை சொன்னபடி அப்படியே காப்பாற்றியிருக்கிறோம் என்றது மற்றொன்று. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அன்றுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தவறு செய்தவர் ஒருவர் இருந்தால் திருத்திவிடலாம். இங்கே எல்லோரும் சரி.

ஃபாத்திமா சொன்ன புதிய பதிப்பையும் படித்தேன். படம் போகிறது, உண்மைதான். பெட்டி எங்கே, அம்பு எங்கே என்பதெல்லாம் போகிறது. உச்சியில் நிற்பதற்கு இந்தக் கருவியில் ஒரு பொருள் உண்டு, அந்தக் கருவியில் இல்லை என்பது போகவில்லை. முன்பாவது பெட்டிகள் குவிந்து கிடந்து, எதுவோ தொலைந்திருக்கிறது என்று நமக்குக் காட்டின. இனி அந்தக் குவியலும் இருக்காது. படம் அச்சாக அப்படியே வந்து நிற்கும். புதுப் பிள்ளைகளே, பச்சை எழுத்து வந்ததும் எழுந்து போகாதீர்கள். இரண்டு நிபந்தனையையும் ஒன்றாகத் தூண்டிப் பாருங்கள். அந்தக் கருவியில் வரைந்தவர்களிடம், "நீங்கள் எழுதாமல் விட்ட வழக்கம் என்ன?" என்று கேளுங்கள். தங்களுக்கு அது வழக்கம் என்றே தெரியாதவர்களிடமும் கேளுங்கள்.

திருத்திய நிரலைப் பலகையில் ஏற்றிய நாளன்று நானும் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு மதகுக்குப் போனேன். சாவியை எடுத்தார்கள். நீர்மட்டம் காட்டும் மிதவையைப் பீட்டர் கையால் கோட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஷட்டர் அசையவில்லை. சாவியைப் போட்டதும் கடகடவென்று இறங்கியது. மறுபடி தூக்கிவிட்டு, மறுபடி செய்தோம். நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் பீட்டருக்குக் கை வலித்தது.

"போதும்மா," என்று மாடசாமி அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டினார். "தாமரை அடைச்சுக் கெடக்கு. பொழுது சாயங்குள்ள எடுக்கணும்." சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினார். ஷட்டரின் அடி விளிம்பு அவர் தலைக்கு நேர் மேலே ஈரமாகத் தொங்கியது.

பலகையில், மோட்டாரை அந்த இடத்திலேயே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதற்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை. நான் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

கொத்தாகத் தாமரையை இழுத்துக் கரையில் வீசியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, சரியாயிட்டுன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா அண்ணாச்சி. சரியாத்தான் இருக்கு."

"பொறவு எதுக்குக் கைய அங்கன வச்சிருக்கிய?"

"நீங்க வேலையப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். கடைசிக் கிளையும் வெளியே வந்து, அவர் ஏணியில் ஏறி, ஈரக் கையால் சாவியை என்னிடம் நீட்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.